துணைக்கு யாரும் வேண்டாம்

"புஸ்ஸ்ஸ்ஸ்!"

பாய்லரின் தலையிலிருந்த வால்வு பிய்த்துக்கொண்டது போலத் திறந்தது. ஒரு நொடியில் சலவைக்கடை முழுக்க வெள்ளை நீராவி. துணி வாங்க வந்திருந்த ஒருவர் ரசீதோடு தெருவுக்கே தாவிவிட்டார். இஸ்திரிக்காரர் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் பாய்லரை அணைத்தார்.

துணி மடிக்கும் நீள மேஜையில் குனிந்திருந்த அவர் மனைவி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"முள்ளு சிவப்புக்குப் போயிருக்குமே, பார்க்கலையா?" என்றாள்.

"பார்க்கல."

"அப்புறம் எதைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க?"

இஸ்திரிக்காரர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். அவர் பேச்சில் சிக்கனம். அவசரமென்றால் ஒரு வார்த்தை, ஆபத்தென்றால் இரண்டு. ஆனால் வேலையில் கெட்டி. வருஷக்கணக்கில் இஸ்திரி போட்டும் ஒரே ஒரு சட்டையைத்தான் கருக்கியிருக்கிறார். அது அவர் மனைவி முதன்முதலாக விமானத்தைத் தனியாகக் கிளப்பி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிய நாள்.

ஆமாம், விமானம்தான். ஊருக்கு வெளியே இருந்த விமானப் பயிற்சிக் கிளப்பின் மேலங்கிகளும் இருக்கை உறைகளும் இந்தக் கடைக்குத்தான் வெளுக்க வந்தன. ஒரு நாள் மூட்டையைக் கொடுக்கப் போனவள், "இதை ஓட்டக் கத்துக்க என்ன வேணும்?" என்று சும்மா கேட்டு வைத்தாள். கேட்டது நாற்பத்தோரு வயதில். கிளப்பின் துணியையெல்லாம் வெளுத்துக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பறக்கும் நேரத்தை வாங்கிக்கொண்டு, நாற்பத்து நாலில் லைசன்ஸோடு வந்து நின்றாள். தெரு அதுவரை அவளை இஸ்திரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து பைலட்டம்மா. பாதி மரியாதை, பாதி கிண்டல். இரண்டையும் அவள் சேர்த்தே வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது மேஜையில் விரிந்திருந்தது வான்வழி சார்ட், விமானிகள் வழி குறித்துக்கொள்ளும் வரைபடம். சனிக்கிழமை அவள் போகப்போகும் முதல் நீண்ட பயணம். ஆற்றைத் தொட்டு, அணையைத் தாண்டி, இரண்டு மலைகளுக்கு நடுவிலிருக்கும் இடுக்கு வழியாகத் துறைமுக ஊருக்கு. அன்றைக்கே திரும்ப வேண்டும். விமானத்தில் ஒரே ஓர் ஆள். அவள்.

நீராவி கலைவதற்குள் அதைக் கைகளால் விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, கடைக்குள்ளயே மேகம் வரவெச்சுப் பழகிட்டு இருக்கியா?"

அவளுடைய அண்ணன். பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டும் என்று விசில் ஊதுகிறவர். வீட்டிலும் விசில் இல்லாமல் அதே வேலையைத்தான் செய்வார்.

"வாண்ணா. உட்காரு."

"உட்கார வரல. டிப்போவுல ஒருத்தன் கேக்கறான், உங்க தங்கச்சி சனிக்கிழமை தனியா ஏரோப்ளேன்ல போறாங்களாமேன்னு. எனக்குத் தெரியாத விஷயம் கண்டக்டருக்குத் தெரிஞ்சிருக்கு! மாப்ளே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

இஸ்திரிக்காரர் கீழே விழுந்த சட்டையை உதறினார்.

"அவரு சொல்லமாட்டாரு. நீயே சொல்லு" என்றாள் பைலட்டம்மா.

"சொல்றேன். பஸ்ஸு. தரையில ஓடுற பஸ்ஸு. அதுக்கே ரெண்டு பேரை அனுப்பறோம். ஒருத்தன் ஓட்ட, ஒருத்தன் டிக்கெட் கிழிக்க."

"நான் யாருக்கு டிக்கெட் கிழிக்கணும்? காக்காய்க்கா?"

"விளையாடாதே. துணைக்கு ஓர் ஆளு இல்லாம நீ எங்க போயிருக்கே இதுவரைக்கும்?"

அவருக்கு அது கேள்வி. அவளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பள்ளிக்கூடத்துக்கு இந்த அண்ணன் துணை. பரீட்சைக்கு அப்பா துணை. கண் டாக்டரிடம் போக அத்தை துணை. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போய்வரப் புருஷன் துணை. ஒரு மணி நேரத் தூரத்தை அவள் தனியாகக் கடந்ததே கிடையாது. யாரும் கட்டிப் போட்டு வைக்கவில்லை. அன்பாகத்தான் எல்லாரும் கூட வந்தார்கள். அந்த அன்பில் ஜன்னலோரச் சீட்டைக்கூட அவள் கேட்டு வாங்கியதில்லை.

"எங்கேயும் போகல. அதனாலதான் போறேன்" என்றாள்.

"அதென்ன துறைமுக ஊரு? அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்கு மேல கடல். அதுக்கப்புறம் போக முடியாதுங்கற வரைக்கும் போய்ப் பார்க்கணும்."

"திமிரு!" என்று அண்ணன் மேஜை விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எந்திரிண்ணா. நீ ஆத்து மேல உட்கார்ந்திருக்கே."

"உட்காருவேன். நீ போகலைன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கமாட்டேன்."

சின்ன வயதில் போர்வைக்குச் சண்டை போட்ட அதே இரண்டு பேர். அவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவர் தன் எடையை முழுக்க ஆற்றின் மேல் போட்டார். சார்ட் கசங்கி, மடங்கி, நடுவில் சுருண்டு, கடைசியில் அவள் கைக்கு வந்தபோது மலையும் அணையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

அண்ணனுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "நான் வேணும்னு பண்ணல" என்று முனகினார். ஆனால் வாசலுக்குப் போனதும் குரல் திரும்ப வந்தது. "கிழிஞ்சாலும் நல்லதுதான்!"

பைலட்டம்மா சார்ட்டைக் கையால் நீவி, வெளுத்து அடுக்கியிருந்த கனமான போர்வைகளுக்கு அடியில் செருகி வைத்தாள்.

மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் அவளுக்கே ஆச்சரியம். ஒரு சுருக்கம் இல்லை. புதுச் சட்டை மாதிரி வழவழவென்று கிடந்தது. 'பரவாயில்லையே, போர்வைக்கு இத்தனை பலமா!' என்று நினைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதல் நீண்ட பயணத்துக்குத் திட்டத்தைக் கையால்தான் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது கிளப்பின் கறாரான விதி. 'டேப்லெட் சார்ஜ் தீர்ந்தா மலைகிட்ட வழி கேப்பீங்களா?' என்பார் தலைமைப் பயிற்சியாளர். எல்லாருக்கும் அவர் கேப்டன்.

அவள் கோடு போட்டாள். ஸ்கேலை வைத்து அளந்தாள். காற்று எந்தப் பக்கம் தள்ளும், அதற்கு விமானத்தின் மூக்கை எவ்வளவு திருப்ப வேண்டும், ஒவ்வோர் இடத்தையும் எப்போது தாண்டுவோம், எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று வரிசையாகக் கணக்குப் போட்டாள். அளந்ததை மறுபடி அளந்தாள். மறுபடியும் அளந்தாள். போகவும் வரவும் ஒரே டேங்க் போதும், விதிப்படி மிச்சமிருக்க வேண்டியதும் இருக்கும் என்று வந்தது. சந்தோஷத்தில் பென்சிலைச் சுழற்றினாள்.

இரண்டடி தள்ளி இஸ்திரிப் பெட்டி போய்வந்துகொண்டிருந்தது.

"யாரு கூட வர்றாங்க?" என்றார் கணவர், சட்டைக் காலரைப் பார்த்தபடி.

"யாரும் வரல."

"ம்."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். இந்த மூன்று வருஷத்தில் அவர் ஒரு முறை கூட விமானத்தளத்துப் பக்கம் வந்ததில்லை. வா என்று அவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவாரோ என்ற பயம் ஒரு பக்கம். வந்தால் அப்புறம் எப்போதும் வருவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் கேப்டனின் அறையில் போய் நின்றாள். தகரக்கூரை. மூலையில் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க அதே வட்டாரத்தின் பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. கேப்டன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவளுடைய கணக்கைப் படித்தார். பிறகு தன் டேப்லெட்டைத் தட்டினார். பிறகு மறுபடி அவள் கணக்கு. அவர் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

"முதல் பகுதி ரெண்டு மைல் குறையுது" என்றார். "அடுத்தது மூணு குறையுது. கடைசிப் பகுதியும் குறையுது. எப்படி அளந்தீங்க?"

"ஸ்கேல் வெச்சுதான் சார். மூணு தடவை அளந்தேன்."

"மூணு தடவையும் தப்பா அளந்திருக்கீங்க."

"இல்ல சார்."

"நீங்க பறக்கறதுல எனக்குச் சந்தேகமே கிடையாதும்மா. அளக்கறதுல இருக்கு. இந்தக் கணக்கை நம்பிப் போனா, திரும்பி வர்றப்போ எதிர்க்காத்துல மலைப்பக்கம் டேங்க் முள்ளு எங்க நிக்கும் தெரியுமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. "ஒண்ணு பண்ணுவோம். நம்ம மெக்கானிக் சனிக்கிழமை சும்மாதான் இருக்கார். லைசன்ஸ் எடுத்துப் பல வருஷம் ஆச்சு. பக்கத்துல உட்காரட்டும். வாயே திறக்கமாட்டார்."

"வாயே திறக்காத ஆளு எங்க வீட்லயே இருக்கார் சார். வேணும்னா அவரையே கூட்டிட்டு வந்திருப்பேன்."

"அப்ப சனிக்கிழமை விமானம் கிடையாது. துணைக்கு ஆளோட போங்க, இல்லேன்னா அடுத்த மாசம் பார்ப்போம்."

துணை! இங்கேயுமா! அவளுக்குக் காது மடல் கொதித்தது. "அரை மணி நேரம் குடுங்க சார்" என்று சொல்லி, சார்ட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நிறுத்தி வைத்திருந்த சின்ன விமானத்தின் இறக்கை நிழலில் தரையிலேயே உட்கார்ந்தாள். மறுபடி அளந்தாள். அதே எண்தான் வந்தது.

'ஒன்றாவது கூடியிருக்க வேண்டாமா?' என்று திடீரென்று தோன்றியது. கை தப்பு செய்தால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். இதில் எல்லாமே குறைகிறது. நீளமான பகுதியில் அதிகமாக, குட்டைப் பகுதியில் கொஞ்சமாக, ஒரே கணக்கில் குறைகிறது.

கடையில் வாரத்துக்கு ஒருவராவது வந்து, "என் சட்டையைச் சுருக்கிட்டீங்க" என்று சண்டைக்கு நிற்பார். அவள் பதற மாட்டாள். போட்டுக் காட்டச் சொல்லுவாள். வயிற்றுப் பித்தான் மட்டும் முட்டினால் பெருத்தது சட்டைக்காரர். கையும் நீளமும் தோளும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் சுருங்கியது துணி.

அவள் சார்ட்டையே வெறித்துப் பார்த்தாள்.

பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. சார்ட்டில் மேலும் கீழுமாக ஓடும் கோடுகளில் ஏணிப்படி மாதிரிக் குட்டிக் குட்டிக் கோடுகள் இருக்கும். ஒரு படிக்கு ஒரு கடல் மைல். ஸ்கேல் இல்லாதவன்கூட அந்த ஏணியை வைத்து அளந்துவிடலாம். அவள் ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் முதல் பகுதியின் நீளத்தைக் குறித்து, அதை ஏணியின் மேல் வைத்துப் படிகளை எண்ணினாள்.

கேப்டன் சொன்ன எண் வந்தது. சுளையாக.

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். கேப்டன் நிமிர்வதற்குள் சுவரில் இருந்த சார்ட்டின் மேல் தன்னுடையதை வைத்து, இடப்பக்க விளிம்புகளை ஒட்டவைத்துப் பிடித்தாள். வலப்பக்கத்தில் அவளுடையது இரண்டு விரல் அகலத்துக்குக் குட்டையாக நின்றது.

"என் கை சரி. கண்ணு சரி. ஸ்கேலும் சரி. சார்ட் சுருங்கியிருக்கு சார். ஓரத்து ஏணியும் கூடவே சுருங்கியிருக்கு, அதனால அதுல எண்ணினா நீங்க சொன்ன எண்ணே வருது."

கேப்டன் எழுந்து வந்தார். கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார். "காகிதம் எங்கயாவது சுருங்குமா?"

"இது வெறும் காகிதம் இல்லையே. தண்ணி பட்டா கிழியக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கலந்து பண்ணது. சூடு பட்டா நைலான் துணி மாதிரி இழுத்துக்கும்."

"சூடு எப்படிப் பட்டுது?"

சொல்ல வாயெடுத்தவள் அப்போதுதான் கவனித்தாள். சார்ட்டின் கீழ் மூலையில் நகக்கீறல் போல ஒரு மெல்லிய பளபளப்பு. பிறை வடிவில். அவள் கடையின் பழைய இஸ்திரிப் பெட்டிக்கு மூக்கில் அதே பிறை வடிவில் ஒரு வெட்டு உண்டு. அந்தப் பெட்டியைத் தொடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆக, போர்வைகளின் பலமில்லை. ராத்திரி யாரோ எடுத்துத் தேய்த்து, திரும்பவும் அடியில் வைத்திருக்கிறார்.

'பேசாமலே இருந்து இந்த வேலையா பண்ணீங்க?'

"அதை நான் வீட்ல கேட்டுக்கறேன்" என்றாள்.

கேப்டன் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, அளந்தது தப்பில்ல. ஒத்துக்கறேன். ஆனா சார்ட்டைச் சோதிக்காம நம்பினீங்களே? இன்னிக்குப் பார்த்த அந்த ஏணியைக் கோடு போடறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கலாமே?"

மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை. "பார்த்திருக்கணும். என் தப்புதான். அதுக்காகத் துணைக்கு ஆளு குடுக்காதீங்க சார். புது சார்ட் குடுங்க."

கேப்டன் இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத சார்ட் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். "இங்கயே உட்கார்ந்து போடுங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

இந்த முறை முதலில் ஏணியையும் ஸ்கேலையும் ஒட்டவைத்துப் பார்த்தாள். பிறகுதான் கோடு. எல்லாத் தூரமும் நீண்டது, நேரமும் நீண்டது. கடைசியில் எரிபொருள் வரிக்கு வந்தபோது பென்சில் நின்றது. ஒரே டேங்கில் போய்த் திரும்பினால், கையிருப்பில் கை வைத்துத்தான் வீடு வந்து சேரவேண்டும். எதிர்க்காற்று கொஞ்சம் முரண்டு பிடித்தால் அதுவும் போயிற்று. துறைமுக ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டுதான் கிளம்பவேண்டும் என்று திட்டத்தை மாற்றி எழுதினாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

கேப்டன் வந்து வரிவரியாகப் பார்த்தார். புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"தனியாவா?" என்றார், கையெழுத்துப் போடும் முன்.

"தனியா."

போட்டார்.

கடைக்குத் திரும்பியபோது அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேஜையில் இல்லை, ஸ்டூலில். எதிரே இஸ்திரிக்காரர் ஒரு பாவாடையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பைலட்டம்மா நேராக மேஜைக்குப் போனாள். பழைய சார்ட்டை மேஜையில் விரித்தாள். அதன் மேல் புதியதை விரித்தாள். இரண்டு விரல் அகலம் பளிச்சென்று தெரிந்தது.

"இதைத் தேய்ச்சது யாரு?"

இஸ்திரிக்காரரின் கை பாவாடையில் நின்றுவிட்டது.

"தேய்ச்சா என்ன ஆகும்?" என்றார் அண்ணன்.

"சுருங்கும். சுருங்கினா அளவு தப்பும். கேப்டன் எனக்கு அளக்கவே தெரியலைன்னுட்டார். துணைக்கு ஆளு இல்லாம விமானம் கிடையாதுன்னுட்டார்."

அண்ணன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ளே! நான் தொண்டை வத்தக் கத்தி ஒண்ணும் நடக்கல. நீங்க வாயைத் திறக்காமலே காரியத்தை முடிச்சிட்டீங்களே! இதுக்கெல்லாம் ஒரு மூளை வேணும்யா!"

"இருண்ணா. இன்னும் முடியல." அவள் கையெழுத்துப் போட்ட திட்டத்தை எடுத்துப் புது சார்ட்டின் மேல் வைத்தாள். "சனிக்கிழமை போறேன். தனியா. இந்தக் கையெழுத்தை நீ விசில் ஊதி நிறுத்த முடியாது."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பி உட்காரப் போனவர் ஸ்டூலைத் தேடித் தடவினார்.

அவள் கணவரிடம் திரும்பினாள். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது குரலில் ஏறியது. "என்னைத் தடுக்கணும்னா மூஞ்சிக்கு நேரா நின்னு தடுங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போவேன்னு ஒரு வார்த்தை சொல்றேன், சண்டை போட்டுக்கலாம். ராத்திரியில எழுந்து வந்து இப்படிப் பண்றதா? பழைய கணக்கை நம்பிக் கிளம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா உங்களுக்கு?"

இஸ்திரிக்காரர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பழைய சார்ட்டின் அருகே வந்து, நடுவில் இரண்டு மலைகளுக்கும் இடையிலிருந்த இடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். அங்கே சுருக்கத்தின் சுவடே இல்லை. மற்ற இடங்களைவிட அந்த இடம்தான் அதிகம் வழவழத்தது.

"சுருங்கிடுச்சா?" என்றார்.

"ரெண்டு விரல்."

"மேல துணி போட்டுதான் தேய்ச்சேன், மூலையில மட்டும் அது விலகிடுச்சு. சூட்டைக்கூடக் கம்மியாத்தான் வெச்சேன்."

"எதுக்குத் தேய்ச்சீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் மச்சானைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் பேசிய நீண்ட வாக்கியங்களில் ஒன்று, மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து வந்தது.

"மலை இடுக்குல நீ போற வழி கசங்கித் தெரியாமப் போயிருந்துச்சு... கூட வர்றேன்னா நீ விடமாட்டே, அதான் அந்த வழியையாவது நேராக்கி அனுப்பலாம்னு பார்த்தேன்."